சிங்க் குழாயை நாமே மாற்றலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அடுப்படிக் கசிவுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாய் தொடர்பானவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய கட்டு வீடு எங்களுடையது. பின்கட்டு அடுப்படியைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிரானைட் மேடை போட்டு, சிங்க் வைத்துப் புதுப்பித்தோம். சிங்கின் மேல் நிற்கும் ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் குழாயின் அடியில் தண்ணீர் ஊறி, கீழே அலமாரிக்குள் சொட்டுகிறது. விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன், தலையை இழுத்து நீட்டும் வகையில் ஒரு புதுக் குழாயை வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். குழாய்க்காரரோ மூன்று வாரமாக “நாளைக்கு வந்துவிடுகிறேன் ஆச்சி” என்றே சொல்கிறார். எனக்கு 58 வயது. நானே மாற்றிவிடலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம், ஆச்சி. சிங்கின் மேல் நிற்கும் குழாய் என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். இந்த வகைக் குழாய் சுவருக்குள் இருக்கும் பைப்போடு நேரடியாகச் சேர்வதில்லை. அலமாரிக்குள் சுவரை ஒட்டியிருக்கும் இரண்டு ஆங்கிள் காக்குகளிலிருந்து (தண்ணீரைத் திறந்து மூடும் சிறு வால்வுகள்), வளையக்கூடிய இரண்டு கனெக்ஷன் பைப்புகள் வழியாகத்தான் தண்ணீர் மேலே ஏறுகிறது. ஆங்கிள் காக்கிலிருந்து உங்கள் கைப்பக்கம் உள்ள எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை; ஒருமுறை சரியாக வராவிட்டால் காக்கை மூடிவிட்டு மறுபடியும் மாட்டிக்கொள்ளலாம். காக்குக்கு அந்தப் பக்கம், அதாவது சுவருக்குள் போகும் மரையில் மட்டும் ஸ்பேனரை வைக்காதீர்கள். அது உங்கள் வேலை அன்று.

புதுக் குழாயின் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இழுத்து நீட்டும் குழாய்கள் பல, பம்பு வைத்து அழுத்தத்தோடு தண்ணீர் தரும் அடுக்குமாடி வீடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பெட்டியிலோ உள்ளே இருக்கும் தாளிலோ, குறைந்தது எத்தனை பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். நம் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறியக் கருவி தேவையில்லை: மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 1 பார் என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டுக்கூரை வீட்டின் பின்புறத்து மொட்டை மாடியிலோ இரும்புத் தாங்கியிலோ தொட்டி இருக்கும்போது, குழாயிலிருந்து அதன் உயரம் 4 மீட்டர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 0.4 பார்தான். பெட்டியில் 1 பார் என்று போட்டிருந்தால், அந்தக் குழாய் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் உங்கள் அடுப்படியில் நூல்போலத்தான் ஒழுகும். பிரிக்காத பெட்டியென்றால் கடையில் கொடுத்து, குறைந்த அழுத்தத்திலும் ஓடக்கூடிய சாதாரண வளைந்த குழாயாக மாற்றி வாங்கிவிடுங்கள். மகனுக்கு வருத்தம் இருக்காது. தினமும் பாத்திரம் கழுவுகிறவர் நீங்கள். உங்கள் கைக்குத் தண்ணீர் வர வேண்டும்.

இன்னொன்று, மாற்றத்தான் வேண்டுமா என்பது. மூடிய பிறகும் குழாய் வாயில் சொட்டினாலும், கைப்பிடிக்குக் கீழே கசிந்தாலும் உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் என்ற உறுப்பு போயிருக்கிறது என்று பொருள். அதை மட்டும் மாற்றினால் போதும். திரும்பும் கழுத்தில் ஊறினால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். அடியில் ஊறுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். துணியால் எல்லாவற்றையும் நன்றாகத் துடைத்துவிட்டு, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, கனெக்ஷன் பைப் குழாயின் உடம்புக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பைப்பின் மேல் பின்னியிருக்கும் எஃகுக் கம்பி துருவேறிப் பிரிந்திருந்தால், அல்லது அந்த இடத்தில் மட்டும் ஈரம் பட்டால், பைப்பை மட்டும் மாற்றியும் சரி செய்யலாம். பன்னிரண்டு ஆண்டு உழைத்த குழாய் என்பதால், உடம்பிலேயே பச்சை பூத்து அரித்திருந்தால் முழுவதையும் மாற்றுவதுதான் சரி.

இனி வேலைக்கு வருவோம். ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், காக்கைப் பிடித்துக்கொள்ள இன்னொன்று, குழாயின் அடி நட்டுக்குப் பொருந்தும் பாக்ஸ் ஸ்பேனர், ஒரு வாளி, டார்ச் விளக்கு, பழைய துணி, பழைய செய்தித்தாள் ஆகியவை போதும். தரையில் ஆத்தங்குடி ஓடு பதித்திருப்பீர்கள். கனத்த சாக்கு ஒன்றை இரண்டாக மடித்து விரித்த பிறகு கருவிகளைக் கொண்டுவாருங்கள். ஸ்பேனர் ஒருமுறை விழுந்தால் அந்த ஓட்டில் விழும் பொரிவை மறைக்க வழியில்லை.

கீசரை அணைத்துவிட்டு இரண்டு ஆங்கிள் காக்குகளையும் மூடுங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத காக்கு சில வீடுகளில் முழுதாக மூடாது. அதை அழுத்தித் திருகி உடைத்துக்கொள்ளாமல், தொட்டியடியில் இருக்கும் கேட் வால்வை மூடிவிடுங்கள். பிறகு குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீர் வடிந்து நின்றதை உறுதி செய்துகொண்டு, அலமாரிக்குள் இருக்கும் அமைப்பைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பைப் எந்தக் காக்கில் இருந்தது என்ற குழப்பம் பின்னால் வராது. இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் பச்சைத் தண்ணீர் என்பது வழக்கம்.

கனெக்ஷன் பைப்பின் நட்டைக் கழற்றும்போது ஒரு கையால் ஆங்கிள் காக்கின் உடம்பை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை இரண்டு முறை சொன்னாலும் தகும். நட்டோடு சேர்ந்து காக்கும் திரும்பினால், சுவருக்குள் இருக்கும் மரை தளர்ந்து, அலமாரியில் இருந்த கசிவு சுவருக்குள் போய்விடும்.

சிங்குக்கு அடியில் குழாயைப் பிடித்து வைத்திருக்கும் நட்டுதான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதிக்கும் இடம். மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டு செய்ய வேண்டியிருப்பதால் திசை குழம்பும். கீழிருந்து பார்க்கும்போது இடப்பக்கமாகச் சுழற்றினால் கழலும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துரு பிடித்துத் திரும்ப மறுத்தால், துரு இளக்கும் எண்ணெயோ மண்ணெண்ணெயோ சில சொட்டு விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அரை மணி நேரம் கழித்துப் போனால் அதே நட்டு இளகியிருக்கும். கண்ணில் துருத்தூள் விழாமல் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. படுத்து எழுவது சிரமமாக இருந்தால், இந்த ஒரு நட்டுக்கு மட்டும் வீட்டில் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

பழைய குழாய் வந்த பிறகு, அது உட்கார்ந்திருந்த இடத்தின் உப்புக் கறையைச் சுரண்டித் துடைத்து, துளையை அளந்துவிடுங்கள். ஒற்றைத் துளைக் குழாய்களுக்குப் பெரும்பாலும் 35 மி.மீ. துளை போதும். புதுக் குழாயின் அடியில் ரப்பர் வளையம் சரியாகப் படிந்திருக்கிறதா என்று பார்த்து, கனெக்ஷன் பைப்புகளின் மெல்லிய முனையைக் குழாயின் உடம்பில் முதலிலேயே கையால் முடுக்கிவிட்டுத் துளைக்குள் இறக்குங்கள். குழாய் நின்ற பிறகு அடியிலிருந்து அதை முடுக்குவது மிகவும் கடினம். மேலே ஒருவர் குழாயை நேராகப் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை முடுக்கலாம்.

பலரும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. கனெக்ஷன் பைப்பின் இரண்டு முனைகளிலும் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. ஒரு முனையில் ரப்பர் வளையமும், மறு முனையின் அரை அங்குல நட்டுக்குள் ரப்பர் வாஷரும் இருக்கின்றன. தண்ணீரைத் தடுப்பது அந்த ரப்பர்தான், மரை அன்று. டேப்பைச் சுற்றினால் நட்டு முழுதாக உட்காராமல் ரப்பர் அழுந்தாது, கசிவு நிற்காது. உடனே “இன்னும் முடுக்க வேண்டும்போல” என்று நினைத்து முடுக்கி, வாஷரை நசுக்கிவிடுவோம். கையால் முடிந்தவரை முடுக்கிவிட்டு, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். சுவருக்குள் மரையே நேரடியாக அடைக்கும் இடங்களுக்குத்தான் டேப் தேவை.

முடிந்ததும் குழாய் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றி வைத்துவிட்டு, காக்குகளை மெதுவாகத் திறந்து, இரண்டு பக்கத் தண்ணீரையும் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட விடுங்கள். பைப்பில் தங்கிய துருவும் மணலும் அப்போது வெளியேறிவிடும். இல்லையென்றால் முதல் நாளே புதுச் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு அலமாரியின் தரையில், ஒவ்வொரு இணைப்புக்கும் நேர் கீழே உலர்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டுகூடத் தாளில் கருவட்டமாகத் தெரிந்துவிடும். இரவு முழுவதும் அந்தத் தாள் அங்கேயே கிடக்கட்டும். வெந்நீர்ப் பக்கம் தண்ணீர் தடையில்லாமல் வருவதைப் பார்த்த பிறகுதான் கீசரைப் போட வேண்டும்.

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் ஐயா கட்டிய வீடு. சிங்குக்கு மேலே சுவரிலிருந்து வரும் பழைய மிக்ஸர். வெந்நீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் தனித்தனித் திருகு. இதையும் நானே மாற்ற முடியுமா?

பதில்: ஐயா, இதில் பாதியைத்தான் நீங்கள் செய்யலாம் என்பேன். சுவர் மிக்ஸரின் இரண்டு நுழைவாய்களுக்கும் இடையே 150 மி.மீ. இருக்கும், சுவரிலிருந்து வரும் பைப்புகள் அந்த அளவில் இம்மி பிசகாமல் இருப்பதில்லை என்பதால், கோணலாக வளைந்த ‘லெக்’ என்னும் இரண்டு துண்டுகளை இடையில் போட்டு அளவைச் சரிக்கட்டுவார்கள். மிக்ஸரை லெக்கோடு சேர்க்கும் பெரிய நட்டுகளைக் கழற்றுவது எளிது. உள்ளே வாஷர் இருக்கும். லெக்குகள் நல்ல நிலையில் இருந்து, புதுக் குழாயின் நட்டு அவற்றில் பொருந்தினால், லெக்கைத் தொடாமல் வாஷரை மட்டும் புதிதாகப் போட்டு மிக்ஸரை மாட்டிவிடுங்கள். இவ்வளவும் உங்கள் வேலை.

லெக்கைச் சுவரிலிருந்து கழற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் அப்பச்சி வீட்டில், பழைய ஜி.ஐ. பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருந்த லெக் ஒன்றை நான் பைப் ரெஞ்ச் வைத்து அரைச் சுற்றுத் திருப்பினேன். உள்ளே ஏதோ நெரிந்ததுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. லெக் வந்துவிட்டது, புதுக் குழாயும் நன்றாகவே ஓடியது. மூன்றாம் நாள் அந்தச் சுவரின் பூச்சு அப்பளம்போல உப்பி எழும்பியது. துருவேறி மெலிந்திருந்த, முழங்கை எனப்படும் வளைந்த பைப் இணைப்பு லெக்கோடு சேர்ந்து திரும்பி, சுவருக்குள் வெடித்திருந்தது. கண்ணாடிபோல முகம் தெரிந்த அந்தச் சுண்ணாம்புப் பூச்சை இரண்டடி அகலத்துக்குக் கொத்தித்தான் பைப்பை எடுக்க முடிந்தது. அவசரத்துக்குச் சிமென்ட் வைத்துப் பூசினார்கள், அதுவும் நிற்கவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும் தன்மை உடையது. அதன்மேல் சிமென்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, ஒட்டின இடத்தைச் சுற்றியிருந்த நல்ல பூச்சையும் தள்ளிவிடுகிறது. பிறகு சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்துச் சுண்ணாம்புச் சாந்திலேயே ஒட்டுப் போட்டோம். ஒட்டு நிற்கிறது, ஆனால் அந்தப் பளபளப்பு வரவில்லை. இன்றும் அந்த அடுப்படிக்குள் நுழைந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

ஆகவே லெக்கை மாற்றியே ஆக வேண்டியிருந்தாலும், அது அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சுவருக்குள் இருப்பதை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள நமக்கு வழியில்லை என்பதுதான் காரணம். எப்படியும் ஆள் வைத்துச் சுவரைத் தொட வேண்டிய நிலை வந்தால், பழைய பைப்பை அப்படியே மூடிவிட்டு, மேடைக்குக் கீழாகச் சுவருக்கு வெளியே புதுப் பைப் இழுத்து, ஆங்கிள் காக் வைத்து, சிங்க் மேல் நிற்கும் குழாயாக மாற்றிவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். லெக் எளிதாகக் கழன்று வந்துவிட்டால், புது லெக்கின் மரை முனை உங்களைப் பார்த்திருக்குமாறு பிடித்துக்கொண்டு, கடிகார முள் செல்லும் திசையில் டேப்பைப் பத்துச் சுற்றாவது இறுக்கிச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே டேப் பிரிந்து வெளியே சுருண்டுவிடும்.

கேள்வி: பள்ளத்தூரில் எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். புதுக் குழாய் மாட்டிச் சில மாதங்களிலேயே வாயைச் சுற்றி வெள்ளை படிந்து, தண்ணீர் பக்கவாட்டில் சிதறுகிறது. கைப்பிடியும் இறுகிவிட்டது. ஆசிட் விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. கழிப்பறை கழுவும் ஆசிட் குழாயின் குரோமியப் பூச்சை அரித்துவிடும். ஒரு சொட்டு கீழே சிந்தினால் ஆத்தங்குடி ஓட்டையும் அரிக்கும். அந்த ஓடு சூளையில் சுட்டது அன்று. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணமும் சிமென்டும் மணலும் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுக வைத்தது. அமிலம் எதுவும் அதற்கு ஆகாது. எலுமிச்சைச் சாறு சிந்தினாலும் உடனே துடைத்துவிடுங்கள்.

தண்ணீர் சிதறுவதற்குக் காரணம் வாயில் இருக்கும் சல்லடைதான். அதைத் துணி சுற்றிக் கையாலேயே கழற்றி, ஒரு கிண்ணத்தில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி, இரவு முழுவதும் ஊறப் போட்டுவிட்டு, காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் சுண்ணாம்புப் படிவு கரைந்து வந்துவிடும். மாதம் ஒருமுறை செய்து பாருங்கள். கம்பி நாரால் மட்டும் குழாயைத் தேய்க்காதீர்கள்.

கைப்பிடி இறுகியதற்குக் கார்ட்ரிட்ஜ்தான் காரணமாக இருக்கும். அதற்குள் இருக்கும் இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தண்ணீரைத் திறந்து மூடுகின்றன. இடையில் உப்பு ஏறினால் கைப்பிடி கனக்கும். தேங்காயெண்ணெய் விடுவது பலருடைய வழக்கம். முதல் நாள் இலகுவாக இருக்கும், பிறகு பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். வண்டிக்குப் போடும் கிரீஸ் ரப்பர் வளையத்தை உப்பச் செய்துவிடும். சிலிகான் கிரீஸ் மட்டுமே ஏற்றது. அதற்கும் அசையாவிட்டால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், ஏனென்றால் 35, 40 மி.மீ. என்று அளவுகள் வேறுபடும். கீசரின் சூட்டைக் குறைத்து வைப்பதும் உதவும். தண்ணீர் அதிகம் சூடேறும்போதுதான் சுண்ணாம்பு வேகமாகப் பிரிந்து படிகிறது.

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். பித்தளைக் குழாய் நன்றாக இருக்கிறது, அது சேரும் இடத்தில் ஜி.ஐ. பைப்தான் ஒவ்வொரு முறையும் துருவேறுகிறது. ஏன்?

பதில்: 1948-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து உருவான சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உங்கள் ஊரில்தான் இருக்கிறது, உலோக அரிப்பு அங்கே ஆராயப்படும் துறைகளுள் ஒன்று. உங்கள் பைப்பில் நடப்பது அந்தத் துறையின் பாலபாடம். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு தண்ணீரில் நனைந்திருந்தால், அது ஒரு சிறு மின்கலம்போல ஆகிவிடும். எளிதில் வினைபுரியும் உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு முதலில் கரைகிறது, அடுத்து இரும்பு. உப்புத் தண்ணீர் இதை விரைவுபடுத்தும். பைப்பை மாற்றும்போது சி.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் பைப்பும், உள்ளே பித்தளை மரை பதித்த இணைப்பும் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கோட்டையூரில் புது மிக்ஸர் மாட்டியதிலிருந்து, குளியலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் முதலில் வெந்நீர் வருகிறது. மிக்ஸர் பழுதா?

பதில்: மிக்ஸரின் வாயில் ஸ்ப்ரே பொத்தான் இருந்து, கைப்பிடியை நடுவில் திறந்து வைத்துவிட்டுப் பொத்தானால் மட்டும் தண்ணீரை நிறுத்துகிறீர்களா என்று பாருங்கள். அப்போது குழாயின் உடம்புக்குள் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும்; அழுத்தம் அதிகமுள்ள பக்கம் மற்றதற்குள் புகுந்துவிடும். கைப்பிடியையே மூடுவதை வழக்கமாக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் இரண்டு கனெக்ஷன் பைப்புகளின் தொடக்கத்திலும் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு ஒவ்வொன்று போட வேண்டும். தண்ணீர் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி அதன்மேலேயே இருக்கும்.

கேள்வி: கழற்றிய பழைய குழாயைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். கையில் கனமாக இருந்தால் அது பெரும்பாலும் பித்தளை. பழைய உலோகக் கடையில் எடைக்கு விலை கிடைக்கும். கொடுக்கும் முன் சல்லடையையும், தேயாத ரப்பர் வாஷர்களையும், கைப்பிடியின் சிறு திருகையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, அலமாரிக்குள் ஆங்கிள் காக் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு வாஷர் போய்விட்டால், கடை திறக்கும்வரை அது கைகொடுக்கும்.